ஸ்டோர்மண்டில் கேள்வி கேட்பவர்கள்

2011 மே மாதம் வட அயர்லாந்து சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. தலைநகர் பெல்ஃபாஸ்ட்டில் அது கூடும் இடத்தின் பெயர்தான் ஸ்டோர்மண்ட். மொத்தம் 108 இடம். பிரிட்டனோடே இருக்க விரும்பும் யூனியனிஸ்ட் கட்சிகளில் டி.யூ.பி.க்கு 38, யூ.யூ.பி.க்கு 16. அயர்லாந்தோடு சேர விரும்பும் தேசியவாதக் கட்சிகளில் ஷின் ஃபெய்னுக்கு 29, எஸ்.டி.எல்.பி.க்கு 14. இரண்டிலும் சேராத அலையன்ஸுக்கு 8. கூட்டினால் 105. இந்த ஐந்து கட்சியும் சேர்ந்துதான் அரசு. மிச்சம் மூன்றே பேர். ஒருவர் பசுமைக் கட்சி, ஒருவர் சுயேச்சை, அப்புறம் வட ஆன்ட்ரிமிலிருந்து வந்த ஜிம் அலிஸ்டர்.

எதிர்க்கட்சி வரிசையை ஒரே ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிற நிலைமை. இது யாரோ விலைக்கு வாங்கியதால் வந்ததல்ல, சட்டமே அப்படித்தான். 1998 புனித வெள்ளி உடன்படிக்கையின்படி யூனியனிஸ்ட் (பெரும்பாலும் புராட்டஸ்டண்ட்), தேசியவாத (பெரும்பாலும் கத்தோலிக்க) என்ற இரு சமூகத்தின் கட்சிகளும் சேர்ந்துதான் ஆள வேண்டும், அமைச்சர் பதவிகள் ஒவ்வொரு கட்சியின் பலத்துக்கேற்ப ஒரு கணக்குச் சூத்திரப்படி பிரிந்து விழும். முப்பது வருஷம் துப்பாக்கியும் குண்டுமாக இருந்த ஊரில் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எல்லோரும் மேசையில் உட்கார்ந்துவிட்டால் எழுந்து நின்று கேட்பது யார்? எதிர்க்கட்சி என்ற ஒன்றுக்கு அங்கே முறையான இடமும் வசதியும் சட்டப்படி கிடைத்ததே 2016ல்தான், அதுவும் ஜான் மெக்காலிஸ்டர் என்ற தனி உறுப்பினர் கொண்டுவந்த மசோதாவால்.

அலிஸ்டரின் அரசியலுக்கும் எனக்கும் ரொம்ப தூரம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டி.யூ.பி. ஷின் ஃபெய்னோடு ஆட்சியில் உட்கார சம்மதித்ததைப் பொறுக்காமல் 2007ல் கட்சியை விட்டு வெளியேறி டி.யூ.வி. என்று தனிக்கட்சி தொடங்கியவர். இந்தக் கூட்டாட்சி ஏற்பாடே கூடாது என்பவர். தொழிலில் வழக்கறிஞர், சபையில் அவருடைய பேச்சைக் கேட்டால் குறுக்கு விசாரணை மாதிரியே இருக்கும். அந்த ஏற்பாட்டை இவ்வளவு வெறுத்த மனிதர்தான் அதிலிருந்த ஒரு சின்னக் கருவியை மற்றவர்களைவிட விடாப்பிடியாகப் பயன்படுத்தினார். எழுத்துமூலக் கேள்வி.

நம் மக்களவையில் நட்சத்திரக் குறியில்லாத வினா என்று ஒன்று உண்டல்லவா, அதே வகைதான். எம்.எல்.ஏ. (அங்கேயும் எம்.எல்.ஏ.தான்) ஒரு வரியில் கேள்வியை எழுதிச் சட்டமன்ற அலுவலகத்தில் கொடுக்கிறார். அது அந்த அமைச்சரின் பொறுப்புக்குள் வருகிறதா, கேள்வி என்ற பெயரில் பிரசங்கம் செய்திருக்கிறாரா என்று பார்ப்பார்கள். சரியென்றால் ஏ.கியூ.டபிள்யூ. என்று ஒரு எண் கிடைக்கும். பத்து வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும் என்பது விதி. பதில் அமைச்சர் பெயரில் வரும், பொதுவில் வெளியிடப்படும், அதற்குப் பிறகு அழிக்க முடியாது. அவ்வளவுதான். கேமரா கிடையாது, கூச்சல் கிடையாது, மேசை தட்டல் கிடையாது.

பெல்ஃபாஸ்ட்டுக்கு வந்த பிறகு எனக்குப் பிடித்துக்கொண்ட பழக்கம் இது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வாரப் பதில்களைப் படிப்பேன். ஆபீசில் மற்றவர்கள் கால்பந்து பார்ப்பார்கள். பத்தில் எட்டு சலிப்பாக இருக்கும், உண்மைதான். எந்தப் பள்ளிக்குப் புதுக் கூரை, எந்தச் சாலையில் எத்தனை பள்ளம். ஆனால் கொஞ்ச நாள் தொடர்ந்து படித்தால் அரசு எப்படிப் பேசுகிறது, எப்போது பேச மறுக்கிறது என்பது காதுக்குப் பழகிவிடும்.

நழுவுவதற்கு என்று ஒரு தனி மொழியே வைத்திருக்கிறார்கள். முதல் வகை, “கேட்ட வடிவத்தில் தகவல் பராமரிக்கப்படுவதில்லை.” தகவல் இருக்கிறது, நீங்கள் கேட்ட மாதிரி அடுக்கி வைக்கவில்லை, எனவே தரமாட்டோம் என்று பொருள். சுகாதாரத் துறையில் இது ரொம்ப வசதி, ஏனென்றால் மருத்துவமனைகளை ஐந்து அறக்கட்டளைகள் நடத்துகின்றன, ஐந்தும் ஐந்து விதமாகக் கணக்கு வைத்திருப்பதாகச் சொல்லிவிடலாம். இரண்டாவது, “அளவுக்கு மீறிய செலவில்தான் திரட்ட முடியும்.” லண்டன் நாடாளுமன்றத்தில் இதற்கு 850 பவுண்டு என்று ஒரு வரம்பே உண்டு, ஒரு கேள்விக்கு அதற்கு மேல் செலவாகும் என்றால் அமைச்சர் மறுத்துவிடலாம். மூன்றாவது, “இதே பொருளில் முன்பு அளித்த பதிலை உறுப்பினர் பார்க்கவும்.” போய்ப் பார்த்தால் அந்தப் பதில் அதற்கும் முந்தைய பதிலைப் பார்க்கச் சொல்லும். நான்காவதுதான் ராஜா. “இது என் துறை சார்ந்ததல்ல.”

இதெல்லாம் படித்துவிட்டு ஒரு தடவை நானே களத்தில் இறங்கினேன். எங்கள் தெருமுனையில் மழை பெய்தால் குளம். ஒரு அலுவலகம் வடிகால் தன்னுடையதல்ல என்றது, இன்னொன்று சாலை தன்னுடையதல்ல என்றது. தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன், எல்லா ஆத்திரத்தையும் கொட்டி. “ஏன் இத்தனை வருஷமாக எதுவும் செய்யவில்லை” என்று கேட்கச் சொன்னேன். அங்கே உதவியாளராக இருந்த அம்மா திருப்பி அனுப்பிய வரைவில் என் ஆத்திரத்தில் ஒரு சொல்கூட இல்லை. அந்தச் சந்திப்பில் வெள்ளம் தேங்கியதாகக் கடந்த ஐந்தாண்டில் ஆண்டுவாரியாக எத்தனை புகார் பதிவானது, ஒவ்வொன்றிலும் என்ன தேதியில் என்ன பணி நடந்தது, வடிகாலைக் கடைசியாகச் சுத்தம் செய்த தேதி எது. மூன்றே துண்டு. போனில் விளக்கினார். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கு ஒரு பத்தி எழுத இடம் கொடுக்கிறீர்கள், தேதி கேட்டால் ஒரு தேதி எழுத வேண்டும், இல்லாவிட்டால் தேதி இல்லை என்று எழுத வேண்டும், இரண்டும் நமக்கு லாபம் என்றார்.

கேள்வியில் கோபம் இருந்தால் பதிலில் சமாதானம் வரும். கேள்வியில் கட்டம் போட்ட அட்டவணை இருந்தால் காலியாக விட்ட கட்டமே கண்ணில் குத்தும்.

அலிஸ்டர் இதைத்தான் செய்தார். 2011ல் ஷின் ஃபெய்ன் கலாச்சார அமைச்சர் கரால் நி கூலின் ஒருவரைத் தன் சிறப்பு ஆலோசகராக நியமித்தார். அந்த ஆலோசகர், 1984ல் பெல்ஃபாஸ்ட்டில் தேவாலயத்திலிருந்து தந்தையோடு வெளியே வந்த மேரி டிராவர்ஸ் என்ற இளம்பெண் சுட்டுக்கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்றவர். தந்தை ஒரு நீதிபதி. உடன்படிக்கையின் கீழ் விடுதலையானவர் அரசுப் பணத்தில் சம்பளம் வாங்கும் பதவிக்கு வரலாமா என்று மேரியின் தங்கை ஆன் டிராவர்ஸ் வெளிப்படையாகக் கேட்டார். இதில் இரண்டு பக்கமும் நியாயம் பேச இடமிருக்கிறது, சிறையிலிருந்து வந்தவர்களுக்கும் அரசியலில் இடம் தந்துதான் அமைதியே வந்தது. ஆனால் அந்த விவாதத்துக்கு முன்னால் இன்னொன்று தெரிய வேண்டியிருந்தது. இந்தச் சிறப்பு ஆலோசகர்கள் யார், எத்தனை பேர், என்ன சம்பளம், யார் தேர்வு செய்கிறார்கள், பின்னணி விசாரணை உண்டா? ஸ்டோர்மண்ட்டில் ஸ்பேட் என்று சொல்வார்கள். தேர்தலில் நிற்காதவர்கள், போட்டித் தேர்வு எழுதாதவர்கள், அமைச்சர் காதருகே உட்காருபவர்கள். மேல் படியில் இருந்தவர்களுக்குச் சம்பளம் 90,000 பவுண்டைத் தொட்டது. ஒரு எம்.எல்.ஏ. வாங்குவதைவிட அது எவ்வளவோ அதிகம்.

துறை துறையாக இதை அலிஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். சலிக்காமல். அப்புறம் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், ஐந்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் சிறப்பு ஆலோசகர் ஆக முடியாது, மேல்முறையீட்டுக்கு ஒரு வழி உண்டு என்று. அங்கே அப்போது 30 உறுப்பினர் கையெழுத்துப் போட்டால் ஒரு மசோதாவுக்கு இரு சமூகத்தின் ஒப்புதலும் வேண்டும் என்று ஆக்கிவிட முடிந்தது, நடைமுறையில் அது தடுப்பதற்கான அஸ்திரம். ஷின் ஃபெய்னிடம் 29 பேர். ஒரு கையெழுத்துக் குறை. எஸ்.டி.எல்.பி. கடைசியில் கையெழுத்துப் போடாமல் ஒதுங்கிக்கொள்ள, 2013ல் அது சட்டமாகிவிட்டது. 108 பேரில் தனியாளாக உட்கார்ந்திருந்தவர் அரசின் இரண்டாவது பெரிய கட்சி எதிர்த்த ஒரு சட்டத்தை நிறைவேற்றிவிட்டார். சட்டத்தின் நியாய அநியாயம் தனி. அதற்கான மண்ணைக் கிளறியதில் இந்தச் சலிப்பூட்டும் ஒற்றை வரிக் கேள்விகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

பத்து வேலை நாள் என்று மேலே எழுதினேன், அது ஏட்டில். மிக மோசமாக நடந்துகொண்டது முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் சேர்ந்த அலுவலகம்தான். பெயரில்தான் ஒருவர் துணை, அதிகாரத்தில் இருவரும் சமம். ஒருவர் டி.யூ.பி., இன்னொருவர் ஷின் ஃபெய்ன். ஒரு பதில் வெளியே போக இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒப்புக்கொள்ளாவிட்டால் அது மேசையிலேயே தூங்கும், மாதக்கணக்கில் தூங்கும், சட்டமன்றம் கலைந்தால் பதில் வராத கேள்விகளெல்லாம் தானாகச் செத்துப்போகும். கேட்டவர் வெற்றி பெற்று வந்தால் புதிதாக முதலிலிருந்து கேட்க வேண்டியதுதான். ஆனால் இந்தத் தாமதமும் ஒரு தகவல்தானே. எந்தக் கேள்விக்கு ஒரு வாரத்தில் பதில் வருகிறது, எது ஆறு மாதம் ஊறுகிறது என்று பார்த்தாலே உள்ளே எங்கே வலிக்கிறது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவு பெருமை பேசிவிட்டு ‘சாம்பலுக்குக் காசு’ கதையைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. இந்தக் கருவி கோட்டைவிட்ட இடம் அது.

2012 நவம்பரில் வட அயர்லாந்தில் புதுப்பிக்கத்தக்க வெப்ப ஊக்கத் திட்டம் தொடங்கியது. எண்ணெய்க் கொதிகலனை விட்டுவிட்டு மரத்துண்டில் எரியும் கொதிகலன் வைத்தால் நீங்கள் உண்டாக்கும் வெப்பத்துக்கு அரசு இருபது வருஷத்துக்குப் பணம் தரும். பிரிட்டனில் இதே திட்டம் முன்பே இருந்தது. அங்கே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள், வருஷத்தில் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் எரித்தால் விகிதம் சட்டென்று குறையும். வட அயர்லாந்தில் விதிகளை அங்கிருந்து எடுத்து எழுதியபோது அந்தப் பகுதி மட்டும் இல்லாமல் போனது. விகிதமோ எரிபொருள் விலையைவிட அதிகம். 1 பவுண்டுக்கு மரத்துண்டு வாங்கி எரித்தால் 1.60 பவுண்டு திரும்பி வரும். அப்புறம் யார் அணைப்பார்கள்? காலிக் கொட்டகைக்கு இரவும் பகலும் வெப்பம் ஏற்றியதாகப் புகார் வந்தது. 2015 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவரப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அதற்கு முந்தைய சில வாரங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. 2016 பிப்ரவரியில் திட்டத்தையே மூடினார்கள். அதற்குள் 2,000க்கும் மேற்பட்ட கொதிகலன்கள். இருபது வருஷத்தில் 490 மில்லியன் பவுண்டு கூடுதல் செலவாகலாம் என்று ஒரு மதிப்பீடு வந்தது. அந்த ஊரின் மக்கள்தொகை 20 லட்சத்துக்கும் குறைவு என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

இது சட்டமன்றத்தின் வழியாகத்தான் போனது. 2012ல் விதிகளைச் சபை முன் வைத்தவர் அப்போதைய துறை அமைச்சர் ஆர்லீன் ஃபாஸ்டர். அந்த விதிகளைத் தான் படிக்கவில்லை என்று பின்னாளில் விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். சரி, அமைச்சர் படிக்கவில்லை. உறுப்பினர்கள்? “பிரிட்டன் திட்டத்தில் உள்ள விகிதக் குறைப்பு இதில் உள்ளதா, இல்லையெனில் காரணம் என்ன” என்று ஒரு வரி போதும். அதற்குப் பதில் எழுத ஒரு அதிகாரி உட்கார்ந்து இரண்டு விதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார், பார்த்திருந்தால் வயிறு கலங்கியிருக்கும். அந்த ஒரு வரி உரிய காலத்தில் வரவில்லை. 2013லேயே ஒரு பெண் தொழில்முனைவோர் இதிலுள்ள ஓட்டையைச் சொல்லி அமைச்சருக்கும் துறைக்கும் எழுதினார், சந்தித்தார், திரும்பத் திரும்ப எச்சரித்தார். துறைக்குள்ளே அது அமுங்கிப்போனது.

குற்றம் கேள்வி என்ற கருவியிலா, அதைக் கையாளும் ஆட்களிலா? எனக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்று படுகிறது. உறுப்பினருக்குத் தெரியாததை அவர் கேட்க முடியாது. தெரிந்தவர் சொல்லத் தோன்றும் இடத்தில் ஒரு எதிர்வரிசை இருந்திருக்க வேண்டும், இருந்ததோ மூன்று பேர். கூட்டணிக் கட்சிகள் ஒன்றையொன்று கேட்காமலில்லை. டி.யூ.பி.க்காரர் ஷின் ஃபெய்ன் அமைச்சரை வறுத்தெடுப்பார், அவர்கள் இவர்களை. ஆனால் பாதி கொடி, பெயர்ப்பலகை, எந்தச் சமூகத்தின் விளையாட்டுக்கு எவ்வளவு பணம் என்ற ரகம். அலிஸ்டரின் கேள்விகளிலும் இது நிறைய உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. சமீபத்தில் பெல்ஃபாஸ்ட் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் ஐரிஷ் மொழிப் பலகை வைக்க 150,000 பவுண்டு என்று அறிவித்தபோது எழுந்த சத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு 2012ல் அந்தக் கொதிகலன் விதிகளுக்கு எழுந்திருந்தால்!

2016 டிசம்பரில் பி.பி.சி.யின் ஸ்பாட்லைட் நிகழ்ச்சி விஷயத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. ஃபாஸ்டர் அதற்குள் முதலமைச்சர். விசாரணை முடியும்வரை ஒதுங்கியிருக்க அவர் மறுத்தார், 2017 ஜனவரி 9 அன்று துணை முதலமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் ராஜினாமா செய்தார், ஒருவர் போனால் இன்னொருவரும் பதவியில் நிற்க முடியாது என்பதால் அரசு கவிழ்ந்தது. அதற்கப்புறம் மூன்று வருஷம் அரசே இல்லை. 2017லிருந்து 2020 ஜனவரிவரை துறைகளை நடத்தியது அதிகாரிகள். கேள்வி கேட்க உறுப்பினர்கள் இருந்தார்கள், பதில் சொல்ல அமைச்சர் கிடையாது. மல்லஸ்க் பக்கத்தில் 240 மில்லியன் பவுண்டு குப்பை எரிப்பு ஆலைக்கு ஒரு துறைச் செயலர் அனுமதி கொடுக்க, அமைச்சர் இல்லாமல் அப்படி முடிவெடுக்க அதிகாரமில்லை என்று 2018ல் நீதிமன்றம் ரத்து செய்தது. பதில் சொல்ல ஆளில்லாத அரசு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேறு உதாரணம் வேண்டாம்.

அந்தக் கொதிகலன் திட்டத்தைப் பற்றி நீதிபதி பேட்ரிக் காக்லின் தலைமையில் நடந்த விசாரணையில் எனக்கு இன்றும் மறக்காதது பணக் கணக்கு கிடையாது. 2018 மார்ச்சில் சிவில் சர்வீஸ் தலைவர் டேவிட் ஸ்டெர்லிங் சாட்சி சொன்னார். அமைச்சர்களோடு நடக்கும் கூட்டங்களுக்கெல்லாம் குறிப்பு எழுதும் பழக்கம் விட்டுப்போய்விட்டது, இரண்டு பெரிய கட்சிகளும் விமர்சனத்தைத் தாங்கமாட்டா, எழுதி வைத்தால் தகவல் அறியும் சட்டத்தில் வெளியே வந்துவிடும் என்பது ஒரு காரணம். படித்துவிட்டு அன்றைக்கு மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். “இந்தக் கூட்டத்தில் என்ன முடிவானது” என்று ஒரு எம்.எல்.ஏ. கேட்கிறார். “அப்படி ஒரு பதிவு துறையிடம் இல்லை” என்று பதில் வருகிறது. அது பொய்யே இல்லை! சத்தியமான பதில். கேள்விக்கு நழுவல் பதில் சொல்வது பழைய கலை, பதிலே இருக்க முடியாதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்வது அடுத்த கட்டம். எழுத்துமூலக் கேள்வி முழுக்கமுழுக்க ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது, எங்கோ ஒரு கோப்பில் ஒரு காகிதம் இருக்கிறது என்று. காகிதத்தையே ஒழித்துவிட்டால் பத்து வேலை நாள் விதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இங்கேதான் அலிஸ்டர் மறுபடி வருகிறார். விசாரணை அறிக்கை 2020 மார்ச் 13 அன்று வந்தது. ஊழலோ கெட்ட எண்ணமோ காரணமில்லை, பெரும்பகுதி திறமையின்மை என்றது. சபை மீண்டும் இயங்கத் தொடங்கியிருந்தது. அவர் இன்னொரு தனிநபர் மசோதாவோடு வந்து நின்றார், 2021ல் அதுவும் சட்டமானது. அமைச்சரும் ஆலோசகரும் அரசு வேலையை அரசு மின்னஞ்சலில்தான் செய்ய வேண்டும், கூட்டங்களில் அதிகாரி இருந்து குறிப்பெழுத வேண்டும், யாராவது செல்வாக்குச் செலுத்த வந்து பார்த்தால் அதையும் பதிவு செய்ய வேண்டும், ரகசியத் தகவலைச் சொந்த லாபத்துக்காக வெளியே கொடுத்தால் குற்றம். கேட்டுக் கேட்டுப் பதில் கிடைக்காத ஒரு மனிதர், பதில் இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் போட்ட கதை இது. அரசிலிருந்த கட்சிகளின் ஓட்டும் இல்லாமல் அது நிறைவேறியிருக்காது, அதையும் சொல்ல வேண்டும்.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? 2024ல் கோவிட் விசாரணை பெல்ஃபாஸ்ட்டுக்கு வந்தபோது அமைச்சர்களின் அரசுக் கைபேசிகளில் பல, திருப்பிக் கொடுக்கும்போதே முழுக்க அழிக்கப்பட்டிருந்தன என்று தெரிந்தது. அவ்வளவுதான் சொல்லலாம்.

கேள்விக்கு இடமில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஊரிலேயே ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1921ல் முதல் ஸ்டோர்மண்ட் ஆட்சி வந்தது, யூனியனிஸ்ட்டுகள் ஐம்பது வருஷம் விடாமல் ஆண்டார்கள். 1923ல் லண்டன் மக்களவை சபாநாயகர் ஒரு தீர்ப்பு சொன்னார், வட அயர்லாந்துக்கு ஒப்படைத்துவிட்ட விஷயங்களைப் பற்றி இங்கே கேள்வி கேட்க முடியாது, அங்கேயே போய்க் கேளுங்கள். அங்கேயோ எதிர்வரிசைக் கத்தோலிக்க உறுப்பினர்கள் அந்த ஐம்பது வருஷத்தில் முன்மொழிந்து நிறைவேறிய சட்டம் ஒன்றே ஒன்று, 1931ல், காட்டுப் பறவைகளைப் பாதுகாக்க! வீடு ஒதுக்கீட்டில் பாரபட்சம், வேலையில் பாரபட்சம், வார்டு எல்லை பிரிப்பதில் பாரபட்சம், எதையும் லண்டனில் கேட்க முடியாது, பெல்ஃபாஸ்ட்டில் கேட்டால் பயனில்லை.

1968 ஜூனில் டைரோன் மாவட்டத்தின் கேலிடன் கிராமத்தில், பெரிய கத்தோலிக்கக் குடும்பங்கள் காத்திருக்க, மணமாகாத 19 வயது புராட்டஸ்டண்ட் பெண் ஒருவருக்கு உள்ளாட்சி மன்றத்தின் வீடு ஒதுக்கப்பட்டது. ஸ்டோர்மண்ட் உறுப்பினர் ஆஸ்டின் கரி உள்ளூர் மன்றத்தில் முறையிட்டார், சபையில் எழுப்பினார், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நேரே கேலிடனுக்குப் போய் அந்த வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார். அந்த ஆகஸ்டில் கோலைலண்டிலிருந்து டங்கானனுக்கு முதல் சிவில் உரிமை ஊர்வலம் நடந்தது. அடுத்து என்ன நடந்தது என்பது உலகத்துக்கே தெரியும். ஒரு வீட்டைப் பற்றிய கேள்விக்கு ஒழுங்காக ஒரு பதில் வந்திருந்தால் முப்பது வருஷச் சண்டை நின்றிருக்கும் என்று சொல்ல நான் தயாரில்லை. அவ்வளவு எளிதான சரித்திரம் எங்கும் கிடையாது. ஆனால் உள்ளே கேட்க முடியாதவன் வெளியே வந்து கேட்பான்.

இப்போதைய நிலவரத்துக்கு வருவோம். சபை 90 பேராகச் சுருங்கிவிட்டது. 2022 தேர்தல் கணக்குப்படி அரசிலுள்ள நான்கு கட்சிகளுக்கு 78 பேர். வெளியே 12. அதில் எட்டு பேர் எஸ்.டி.எல்.பி., மேத்யூ ஓ'டூல் அதிகாரபூர்வ எதிர்க்கட்சித் தலைவர். மூன்றோடு ஒப்பிட்டால் பன்னிரண்டு பெரிய முன்னேற்றம்தான்.

அவர்களுக்குக் கேட்க எதுவுமில்லாமலா போய்விட்டது, லாக் நே ஒன்று போதாதா? பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அதைவிடப் பெரிய நன்னீர் ஏரி கிடையாது. வட அயர்லாந்தின் குடிநீரில் சுமார் 40 சதவீதம் அதிலிருந்து வருகிறது. 2023 கோடையில் நீலப்பச்சைப் பாசி படர்ந்து தண்ணீர் பெயின்ட் கொட்டியது போலப் பச்சையாகிவிட்டது, அடுத்த கோடைகளிலும் வந்தது. வயல் உரமும் சாணக் கழிவும் ஒரு காரணம், கழிவுநீர் இன்னொரு காரணம். தண்ணீரின் தரம் சுற்றுச்சூழல் அமைச்சர் கையில். கழிவுநீர் வட அயர்லாந்து தண்ணீர் நிறுவனத்தின் கையில், அந்த நிறுவனம் உள்கட்டமைப்பு அமைச்சர் கையில். வெள்ளத் தடுப்பும் அதே உள்கட்டமைப்பு அமைச்சர். ஏரியின் அடித்தரை ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் சொத்து. இந்த லட்சணத்தில் ஒரு கேள்வியை யாருக்கு அனுப்புவது? ஒருவருக்கு அனுப்பினால் பாதி பதில் “அது என் துறை சார்ந்ததல்ல” என்று வரும்.

கெட்டிக்கார உறுப்பினர்கள் ஒரே நாளில் ஒரே கேள்வியை எல்லா அமைச்சருக்கும் அனுப்புகிறார்கள். பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருமே தன்னுடையது என்று சொல்லாத ஒரு துண்டு நடுவில் மிஞ்சும், பிரச்சினை சரியாக அந்தத் துண்டில்தான் இருக்கும். எங்கள் தெருமுனைக் குளமும் அப்படி ஒரு துண்டில்தான் கிடந்தது. பதில் வந்தது, அதிலிருந்த தேதியை வைத்து அந்த அம்மா இன்னொரு கடிதம் எழுதினார், ஒரு லாரி வந்து வடிகாலை உறிஞ்சிவிட்டுப் போனது. இப்போதும் பெருமழைக்குத் தேங்குகிறது, முன்னளவு இல்லை.

அலிஸ்டர் இப்போது ஸ்டோர்மண்ட்டில் இல்லை. 2024 ஜூலைப் பொதுத்தேர்தலில் வட ஆன்ட்ரிமில் இயன் பெய்ஸ்லி ஜூனியரை 450 ஓட்டில் தோற்கடித்து லண்டன் போய்விட்டார். தந்தையும் மகனுமாக 1970லிருந்து வைத்திருந்த தொகுதி அது. காலியான சட்டமன்ற இடத்துக்கு அவர் கட்சியின் டிமோத்தி காஸ்டன் வந்திருக்கிறார், அவரும் கேள்வி விஷயத்தில் குருவை மிஞ்சப் பார்க்கிறார். லண்டனில் அலிஸ்டருக்குப் பேச பிரெக்ஸிட் எல்லை ஏற்பாடுகள் என்று நிறைய இருக்கிறது. ஆனால் தன் தொகுதி மருத்துவமனையில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அங்கே அவர் எழுதிக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். 1999ல் மக்களவை போட்ட தீர்மானப்படி, அதிகாரப் பகிர்வில் கொடுத்துவிட்ட விஷயங்களைப் பற்றி லண்டனில் கேட்கக் கூடாது, அதை ஸ்டோர்மண்ட்டில்தான் கேட்க வேண்டும்.